எண்பதுக்கு மேல் நடுங்கும் கார்

நாகர்கோவிலிலிருந்து முட்டம் போகும் பேருந்தில், முன் இருக்கையில் இரண்டு நண்பர்கள். காலடியில் கனத்த பை வைத்திருந்தவர் திடீரென்று சொன்னார்: "எனக்க காரு நடுங்குனதுக்கு அப்பாக்க தூண்டிலாக்கும் காரணம்."

"என்ன மக்கா சொல்லுக?"

"புது டயர் போட்டேன்லா? எண்பதுக்கு மேல போனா ஸ்டியரிங் கெடந்து நடுங்கும். கடைக்காரன் ரெண்டு தடவ பேலன்சிங் பண்ணி, சக்கரத்துக்க எட சமமாவ ரிம்முல ஈயத்துண்டு ஒட்டித் தந்தான். நாலு நாள் நல்லா ஓடும், பின்னயும் நடுங்கும். அவன நான் பேசாத பேச்சில்ல. இன்னைக்கு கடையில வண்டிய விடப் போனா, 'ஒட்டுன ஈயத்த ஆரோ பறிச்சிருக்காவ அண்ணே'ங்கான். அப்பதான் நெனப்பு வந்து. அப்பாக்க தூண்டில்ல கனத்துக்குத் தொங்குனதும் அதே சதுரத் துண்டு."

"அவருகிட்ட கேட்டியா?"

"எப்பிடி மக்கா கேக்க? நெஞ்சுவலி வந்த பொறவு வள்ளத்துல ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. இப்ப பாறையில இருந்து தூண்டில் போடுதது ஒண்ணுதான் அவருக்கு மிச்சம். பாறையில மாட்டி தெனமும் ஈயம் அறுந்து போவும்."

"அப்ப காரு இன்னியும் நடுங்கும்."

"நடுங்காது" என்று குனிந்து, பையை லேசாகத் திறந்து காட்டினார். "ரெண்டு கிலோ ஈயம். வண்டிப் பக்கத்துல வச்சிருவேன், அவரே எடுத்துக்கிடுவாரு."