பழைய அச்சகத்து மாடி

எனக்குச் சர்க்கரை போடாத டீதான் பழக்கம் மேடம். பரவாயில்லை, இதையே குடித்துக்கொள்கிறேன். நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் எது என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் குழப்பம்.

என் வேலை இணையதளங்களை ஓட்டும் சர்வர் கணினிகளைப் பார்த்துக்கொள்வது. பதினாறு வருஷமாகச் செய்கிறேன். உள்ளே இருப்பது வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான் இந்த வேலை. வீட்டிலும் நான் அப்படித்தான். அப்பா அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தது நான். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரு குறையும் வைக்கவில்லை. வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது என்பது ஒன்றுதான் நான் கேட்டது. அவளுடைய போனை நான் வைத்திருந்தேன். வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டு போட்டுவிட்டுப் போவேன். சில சமயம் கை நீண்டதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.

ஒரு நாள் மாடி வீட்டு அக்கா என்னிடம், "தங்கச்சி கைக்கட்டு பிரிச்சாச்சா?" என்று கேட்டார். அவருக்கு எப்படித் தெரியும்? ஜன்னல் வழியாக இவள் சொல்லியிருக்கிறாள். அன்று அவளிடம் கொஞ்சம் கடுமையாகத்தான் நடந்துகொண்டேன். அடுத்த வாரம் பூட்டு உடைந்து கிடந்தது, அவள் இல்லை. இருபத்து மூன்று வயதுப் பெண் தானாகப் போனால் தேட மாட்டோம் என்று உங்கள் போலீஸ் ஸ்டேஷனில்தான் சொன்னார்கள்.

வீட்டை விட்டு வந்த பெண்களை வைத்துக் காப்பாற்றும் அமைப்புகள் எத்தனை இருக்கின்றன என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொன்றின் இணையதளத்தையும் பார்த்தேன். அவற்றில் ஒன்றான இந்த அமைப்புக்கு மூன்று வீடுகள். முகவரி எங்கேயும் போடவில்லை, அந்த மட்டுக்கும் கெட்டிக்காரர்கள். ஆனால் நன்கொடை கொடுப்பவர்களுக்காக வீட்டுக்கு ஒரு பக்கம் வைத்து, என்னென்ன தேவை என்று பட்டியல் போட்டிருந்தார்கள். இரண்டாவது பக்கத்தில் பால் பவுடர், போர்வை, அதற்குக் கீழே இடது கைக்காரர்களுக்கான துணி வெட்டும் கத்தரிக்கோல். என் தங்கைக்கு இடது கை. பாவாடை தைக்கிறேன் என்று வீட்டுத் திரைச்சீலையை வெட்டியவள் அவள்.

அந்தப் பக்கங்கள் அந்தந்த வீட்டில் இருக்கும் சின்னக் கணினியிலிருந்தே வந்துகொண்டிருந்தன. எந்த இணையதளம் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டால் சர்வர் ஒழுங்காகப் பதில் சொல்லும். பெயரைச் சொல்லாமல் கேட்டால் சில சர்வர்கள் தடுமாறி, உள்ளே தங்களுக்கு வைத்திருக்கும் பெயரையும் எண்ணையும் சொல்லிவிடும். சரியாக அமைக்காதவர்களிடம் மட்டும் நடக்கிற தப்பு இது. நாங்கள் கணினிகளுக்கு நட்சத்திரம், மீன் என்று ஏதாவது பெயர் வைப்போம். இவர்கள் அந்தந்த வீட்டைத் தங்களுக்குள் எப்படிச் சொல்வார்களோ அதையே கணினிக்கும் பெயராக வைத்திருந்தார்கள். இரண்டாவது பக்கத்தைப் பெயர் சொல்லாமல் கேட்டேன். 'பழைய அச்சகத்து மாடி' என்று பதில் வந்தது. நம் ஊரில் மூடிக் கிடக்கும் அச்சகம் ஒன்றே ஒன்றுதான்.

எனக்குக் கோபம்தான் வந்தது மேடம். எத்தனை பெண்கள் உயிருக்குப் பயந்து அங்கே இருக்கிறார்கள். எவன் வேண்டுமானாலும் இதைக் கண்டுபிடித்திருப்பான். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அந்த அமைப்பை நடத்தும் அம்மாவுக்கு, எல்லோரும் டீச்சர் என்று கூப்பிடுவார்களே அவருக்கு, விவரமாகக் கடிதம் எழுதினேன். காசு வேண்டாம், நானே சரிசெய்து தருகிறேன் என்றேன்.

அலுவலகத்துக்கு வரச் சொன்னார். இரண்டு நாள் உட்கார்ந்து செய்தேன். யார் எப்படிக் கேட்டாலும் வெளியே சொல்ல வேண்டிய ஒரே பெயரைச் சர்வருக்குக் கொடுத்தேன். பிழைச் செய்திகளில் உள் விவரம் வராமல் மாற்றினேன். கணினிகளின் பெயர்களை எடுத்துவிட்டு வெறும் எண்களாக்கினேன். நாற்பது விதமாகக் கேட்டுப் பார்த்தேன், ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. டீச்சர் எனக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, புரியாவிட்டாலும் பார்த்துக்கொண்டிருந்தார். என் சொந்தப் பெயரைத்தான் அவரிடம் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

வீடுகளில் இருக்கும் கணினிகளை நேரில் போய்ப் பார்த்தால்தான் வேலை முடியும் என்றேன். அது பொய். அலுவலகத்தில் இருந்தபடியே எல்லாவற்றையும் முடித்திருந்தேன். டீச்சர் ரொம்ப யோசித்தார். ஆண்களை அங்கே விடுவதில்லையாம். அப்புறம் சொன்னார்:

"உங்க மேல நம்பிக்கை இருக்கு தம்பி. நீங்க மட்டும் சொல்லலன்னா எங்க பிள்ளைங்க கதி என்ன ஆகியிருக்கும்? நான் போன் பண்ணி சொல்லிடறேன், கதவத் திறப்பாங்க."

நான்கு நாள் கழித்து, மதியம் மூன்று மணிக்குப் போனேன். வழியில் கத்தரிக்கோல் வாங்கிக்கொண்டேன், பட்டியலில் இருந்தது அல்லவா. கதவைத் திறந்த பெண் கணினி இருக்கும் அறையைக் காட்டிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டாள். ஜன்னலோரம் நீளமான மேஜை. தங்கை நீலத் துணியில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவள் கத்தவில்லை. சாக்கட்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல. உன் பேரைக்கூட சொல்லல. வேணும்னா டீச்சரைக் கேட்டுப் பாரு."

உண்மைதான். டீச்சரைக் கேட்கவே தேவையில்லை. அவள் என் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் என்னை உள்ளேயே விட்டிருக்க மாட்டார். அவள் அத்தனை மாதமும் வாயைத் திறக்கவில்லை. நான் அவளை நம்பினேன். ஆனால் இன்றைக்குச் சொல்லாதவள் நாளைக்குச் சொல்ல மாட்டாள் என்று யார் உத்தரவாதம் தருவது? அவளே என்றைக்காவது களைத்துப்போய்ச் சொல்லிவிடுவாள். அந்தச் சிரமம் அவளுக்கு வேண்டாம் என்று நினைத்தேன். கத்தரிக்கோலை உறையிலிருந்து எடுத்தேன். வலது கைக்கு அது சரியாக அமையவில்லை, அதனால் கொஞ்சம் நேரமாகிவிட்டது. பால் வைத்த பெண் வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் ஓடவில்லை. நீங்கள் வரும்வரை அந்த மேஜையருகில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கையெழுத்துப் போடுகிறேன், ஒரே ஒரு திருத்தம். இணையதளத்தில் இருந்த ஓட்டையால் இது நடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அதில் ஓட்டை இல்லை மேடம், நான் அடைத்து நான்கு நாள் ஆகியிருந்தது. தங்கையைக் கொன்றேன் என்று எழுதுங்கள், அது சரி. என் வேலையில் குறை இருந்ததாக மட்டும் எழுதாதீர்கள்.