கழட்டி மாட்டுற பல்லு

வேணாம் டாக்டர், ஒட்டி வைக்கிறது வேணாம். கழட்டிக் கழட்டி மாட்டுறது இருக்குல்ல, அதுவே போதும். தெரியும், அது வயசானவங்களுக்குன்னு. எனக்கு மட்டும் வயசாகாமலேவா போயிடப்போகுது?

ஐயோ, உங்க வேலையில ஒரு குத்தமும் இல்ல. போன தடவ நீங்க ஒட்டுன பல்லு அச்சு அசலா என் பல்லு மாதிரியே இருந்துச்சு. எங்க ஸ்கூல்ல ஒருத்தருக்கும் தெரியல. எப்படி உடைஞ்சுதுன்னா... பாத்ரூம்ல வழுக்கிட்டேன். போன தடவையும் பாத்ரூம்னா சொன்னேன்? அப்ப இது மாடிப்படி.

சிரிக்க மாட்டேங்கிறீங்களே. சரி, நானும் சிரிக்கல. கைய வெச்சு வாய மறைச்சே பழகிடுச்சு.

ஒண்ணாங் கிளாஸ் டீச்சர் நான். அங்க பாதிப் பசங்களுக்கு முன்பல்லு கிடையாது. எனக்கும் தானா விழுந்துடுச்சுன்னு சொல்லி வெச்சிருந்தேன். முந்தாநாள் ஒரு வாண்டு கிட்ட வந்து என் வாயையே பாத்துட்டு, கவலப்படாதீங்க மிஸ், மொளைச்சிடும்னு சொல்லுச்சு. கிளாஸே கைதட்டுச்சு. நான் போர்டு பக்கம் திரும்பிக்கிட்டேன். வெக்கமா போச்சு டாக்டர். பொய் சொல்லக்கூடாதுன்னு அதுங்களுக்குச் சொல்லிக்குடுக்கிறவ நான்.

என்ன? அவரையா? வேணாம், கூப்பிடாதீங்க. வெளியவே உக்காந்திருக்கட்டும். அவருதான் லீவு போட்டுட்டுக் கூட்டிட்டு வந்தாரு. வலிக்குதா வலிக்குதான்னு வழியெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தாரு. உங்க நர்ஸம்மாகூட, குடுத்து வெச்சவங்க நீங்கன்னு சொன்னாங்க. ஆமான்னு தலையாட்டினேன். வேற என்ன பண்றது? மூணாவது மனுஷங்க கிட்ட சொல்ற விஷயமா இது? எங்கம்மா கிட்ட சொன்னதுக்கே, பல்லக் கடிச்சிக்கிட்டு இருடின்னாங்க. அதுக்கும் பல்லு வேணுமே.

போன தடவ நீங்க ஒண்ணு கேட்டீங்க, ஞாபகமிருக்கா? வீட்ல எல்லாம் சரியா இருக்காம்மான்னு. அப்ப என் வாய் நெறையப் பஞ்சு. பேச முடியலன்னு கையக் காட்டினேன். பஞ்ச எடுத்தப்புறம் நீங்க திரும்பக் கேக்கல. உங்களக் குத்தம் சொல்லல, வெளிய அத்தன பேரு காத்துக்கிட்டு இருந்தாங்க. நானும் தப்பிச்சோம்டான்னு எந்திரிச்சுப் போயிட்டேன். ஆனா வீடு போற வரைக்கும் பதிலு நாக்கு நுனியிலேயே நின்னுச்சு.

கதவச் சாத்துறீங்களா? சாத்துங்க.

ஒட்டி வெச்சா என்ன ஆகுதுன்னா, ஒரு அறை விழுந்தா அது மட்டும் போறதில்ல டாக்டர். பக்கத்துல இருக்கிற நல்ல பல்லையும் சேத்து இழுத்துட்டு வந்துடுது. பாருங்க, இப்ப ரெண்டு. கழட்டுறதுன்னா, கீழ வண்டிச் சத்தம் கேட்டதும் எடுத்து டப்பாவுல போட்டு மூடிடுவேன். பல்லாவது தப்பிச்சுக்கும்.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க வீடு மொத மாடி. வண்டிய நிறுத்திட்டு அவரு ஏறி வர்றதுக்குள்ள அதக் கழட்டிட முடியுமா?