வெறும் ஆணி

ஜூன் 14, செவ்வாய்.

ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். பத்திரிகையில் வந்த என் படத்தின் குறிப்பில் ஒருவரைத் 'தோட்டக்காரர்' என்று எழுதியிருந்தேன். அவர் ஆற்றோர வீட்டின் காவலாளி. செடிகளுக்குத் தண்ணீர் விடுவதையே இரண்டு நாளும் பார்த்ததால் அப்படி நினைத்துவிட்டேன். இன்று மாலை புகைப்பட வகுப்பில் ஆசிரியர் பத்திரிகையை விரித்து, அந்தச் சொல்லைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டார்.

"அச்சுல வந்துடுச்சேப்பா. ஒரு மனுஷனோட வேலையைத் தப்பாப் போட்டா, அவனையே தப்பாப் போட்ட மாதிரி."

படத்தைப் பற்றி அவர் குறை எதுவும் சொல்லவில்லை. மற்ற மாணவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். பகலெல்லாம் மருந்துக் கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறவன் நான். நான் செய்த ஒன்றைப் பார்க்க யாரும் இருக்கையை விட்டு எழுந்ததில்லை. மகிழ்ச்சியாக இருந்தது என்று எழுதுவது சரியா என்று தெரியவில்லை. ஆனால் இருந்தது.

பத்திரிகைப் படம் எடுப்பதற்கு எங்கள் ஆசிரியர் சொல்லும் முதல் விதி: காலை நகர்த்து, பொருளை நகர்த்தாதே. பட்டனை அழுத்துமுன் படச் சட்டத்தின் நான்கு மூலைகளையும் பார்க்க வேண்டும். உறுத்துவது ஏதாவது இருந்தால் நாம்தான் தள்ளி நிற்க வேண்டும். ஒரு நாற்காலியைக்கூடத் தொடக் கூடாது. இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: ஆபத்து என்றால் நீ முதலில் மனுஷன், அப்புறம்தான் கேமராக்காரன். அந்த 'அப்புறம்' எப்போது தொடங்குகிறது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது.

அந்த ஆற்றோர வீடு அக்காவின் மாமனாருடையது. போன மாதக் கடைசியில் நானும் அவர்களோடு போயிருந்தேன். விடுமுறைக்கு மட்டும் திறப்பார்கள். அதனால் மெத்தைகளில் ஈர வாடை அடிக்கும். குழாயைத் திறந்தால் முதலில் செம்பழுப்பாகத் தண்ணீர் வரும். பின்பக்கம் கல்படிகள் ஆற்றுக்கு இறங்குகின்றன. படிகளின் தலைமாட்டில் ஒரு மரக்கம்பம், அதில் ஓர் ஆணி. ஆணியில் ஆரஞ்சு நிற மிதவை வளையமும் கயிறும் தொங்கும். நடு ஆற்றில் ஒரு பாறை இருக்கிறது. அதைத் தாண்டினால் இழுப்பு அதிகம். அத்தான் தினமும் காலையில் பாறை வரை நீந்திப் போய்த் திரும்புவார். வளையம் அதற்காகத்தான்.

அத்தான் வேடிக்கையாகப் பேசுகிறவர்.

"என்ன மச்சான், ரெண்டு நாளா அதே படிக்கட்டையே எடுக்குற? படிக்கட்டு உன்கிட்ட ஏதாவது கடன் வாங்கிச்சா?"

"விடுங்களேன், அவன் இப்பத்தான் கத்துக்கிறான்" என்றாள் அக்கா.

"கத்துக்கட்டும், கத்துக்கட்டும். வீடு தீப்பிடிச்சாக்கூட உன் தம்பி, 'வெளிச்சம் நல்லா இருக்கு, யாரும் அணைச்சிடாதீங்க'ன்னுதான் சொல்லுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் இல்லை. பின்னால் படிக்கிறவர்கள் தவறாக நினைக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதி வைக்கிறேன்.

மறுநாள் விடியலில் ஆற்றின் மேல் பனி படுத்திருந்தது. படிகள் பாதிக்கு மேல் தெரியவில்லை. இரண்டு நாளாக நான் காத்திருந்த படம் அது. வலது மூலையில் மட்டும் அந்த ஆரஞ்சு நிறம், வெள்ளைச் சட்டையில் குழம்பு தெறித்தது போல. விதிப்படி நான் இடது பக்கம் நகர்ந்தேன். தண்ணீர்த் தொட்டி குறுக்கே வந்தது. வலது பக்கம் நகர்ந்தேன், பனி சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அதனால் வளையத்தைக் கழற்றித் தாழ்வாரத்துக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையில் வைத்தேன். இரண்டு படம் எடுத்துவிட்டு மாட்டிவிடலாம் என்று எண்ணம்.

அத்தான் தோளில் துண்டோடு வந்தார். கம்பத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் படியிறங்கினார். அப்போது மாட்டியிருக்கலாம். ஆனால் பனிக்குள் ஒரு மனிதர் இறங்குவது, வெறும் படிகளைவிட நன்றாக இருந்தது. தாழ்வாரத்தில் நின்று லென்ஸ் மாற்றினேன்.

பனி கொஞ்சம் விலகியபோது, பாறைக்குப் பக்கத்தில் அவர் கை உயர்ந்தது. முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். அடுத்த முறை உயர்ந்தபோது நினைக்கவில்லை. அவர் கத்தியது கேட்டு அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்து கம்பத்தைப் பிடித்தாள். அவள் கை ஆணியைத் தடவியது. எதுவும் இல்லாத ஆணியை மறுபடி மறுபடி தடவியது.

"டியூப் எங்கடா? டேய், டியூப் எங்க?"

எனக்குக் கேட்டது. பதில் சொல்லியிருந்தால் அவள் என் பக்கம் திரும்பியிருப்பாள். கை ஆணியை விட்டிருக்கும். நான் ஷட்டர் வேகத்தைக் கூட்டி எடுத்தேன். சாமான் அறைக் கதவு என் முதுகுக்குப் பின்னால் திறந்துதான் இருந்தது. போன வாரம் தனியாகப் போய், அதே இடத்திலிருந்து வளையத்தை எடுத்துக்கொண்டு கடைசிப் படி வரை ஓடிப் பார்த்தேன். நேரம் இருந்திருக்கிறது.

அத்தானின் உடல் மதியம் வளைவுக்கு அப்பால் கிடைத்தது.

அந்தப் படம்தான் பத்திரிகையில் வந்தது. ஒரு பெண்ணின் கை, ஓர் ஆணி, பின்னால் மங்கலாக ஆறு; கீழே, வளையத்தைத் தினமும் மாட்டுகிறவர் தோட்டக்காரர் என்ற என் குறிப்பு. வளையம் சாமான் அறையில் கண்டெடுக்கப்பட்டது. காவலாளி அதை மாட்டாமல் அங்கேயே போட்டுவிட்டார் என்று அக்காவின் மாமனார் புகார் கொடுத்தார். சாட்சி என் படம். இப்போது காவலாளியைத் தினமும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி வாசல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். "ராத்திரி என் கையால மாட்டினேன் சார்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாராம். அது உண்மை. நான் கழற்றும்போது கயிறு ஒழுங்காகச் சுற்றப்பட்டிருந்தது.

நேற்று அவருடைய மனைவி கிடங்குக்கு வந்தார்.

"தம்பி, விடியக்காலையிலேயே நீங்க அங்க இருந்தீங்கல்ல. ஆணியில டியூப் இருந்துச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"படத்துல இருக்கிறத மட்டும்தாம்மா நான் சொல்ல முடியும்."

"படம் கிடக்கட்டும். நீங்க கண்ணால பார்த்ததச் சொல்லுங்க."

பெட்டிகள் வந்துவிட்டதாக மேற்பார்வையாளர் கூப்பிட்டார். அந்த அம்மா கொஞ்ச நேரம் வாசலில் நின்றிருந்துவிட்டுப் போய்விட்டார்.

அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. படம் வந்த பக்கத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். "நீயாவது அங்க இருந்தியே" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வளையத்தை எடுத்தவன் நான். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் சொல்லாதவன் நான். அத்தான் மூழ்கியது அதனால்தான். இன்றைக்கு இதில் எழுதிவிட்டேன். எழுதியபின் கொஞ்சம் இலேசாக இருக்கிறது. ஆனாலும் என் மனதை உண்மையில் அரிப்பது வேறு: விதியை மீறிப் பொருளை நகர்த்தினேனே, ஆசிரியரிடம் சொல்ல வேண்டாமா? நிறைய யோசித்துப் பார்த்தேன். நான் நகர்த்தியது பனிப் படத்துக்காக. அந்தப் படத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. ஆணிப் படத்துக்காக நான் எதையும் தொடவில்லை. அது சுத்தமான படம்.

நாளைய வேலை: காலையில் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். மெமரி கார்டைக் கேட்டிருக்கிறார்கள். படத்தில் இருக்கும் எதையும் நான் மாற்றவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாசல் பெஞ்சில் அந்த நேரத்துக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழும். அவர் தலையைக் குனிந்துதான் உட்கார்ந்திருப்பார். பழைய கார்டை அவர்கள் வைத்துக்கொள்வார்கள் என்பதால், போகிற வழியில் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும்.