முயல் கை தட்டாது

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு திருநங்கையும் அவருடைய அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்த முயலு வாயத் தொறந்தாலே கை தட்டோணுமாம். முடியாதுன்னுட்டேன்" என்றார் மகள்.

"கார்ட்டூனுக்குக் கொரல் குடுக்க இப்பத்தான் மொதமொதல்ல கூப்புட்டிருக்காங்க சாமி. ரெண்டு தட்டு தட்டிப்போட்டு வந்தா என்ன கொறஞ்சு போவ?"

"முயலைத் திருநங்கையா வெச்சது நல்லதுதானம்மா. ஆனா கை தட்டிக் கடைக்காரங்கள மெரட்டறது மட்டுந்தான் அதுக்கு வேலையாம். பாக்கறது பூராக் கொழந்தைங்க. பள்ளிக்கூடத்துல என்னையக் கண்டா அத்தன பேரும் எப்படித் தட்டுவாங்க, மறந்துட்டியா?"

போன் அடித்தது. "ஸ்டுடியோக்காரரு" என்றார் மகள். கிடைத்த வேலை போய்விடுமே என்று நான் நினைத்தேன். அதற்குள் அம்மா போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, அவ அம்மா பேசறேனுங்க."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"கொரலு வேணும்னா எம்பொண்ணு வருவாளுங்க. கைதான் தட்டோணும்னா, நீங்களே தட்டிக்கங்க."