புனிதர் ஒட்டாத இடம்

புது வண்டியின் வாசனை யாருக்குத்தான் பிடிக்காது, ஐயா? அது சின்னக் குப்பியில் கிடைக்கிறது. இருக்கைக்கு அடியில் இரண்டு சொட்டு விட்டால் போதும், வாங்க வந்தவர் கண்ணை மூடி மூச்சை இழுப்பார். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

நீங்கள் கேட்கிற சிவப்பு வண்டி, தொழிற்சாலையிலிருந்து ஏற்றிவந்த லாரியிலிருந்து குப்புற விழுந்தது. ஒரு நாள்கூட ஓடாத வண்டி, ஆகவே புதியதுதான். மூக்கு மட்டும் நசுங்கிப் போயிருந்தது. வேறொரு வண்டியின் முன்பாதியை வெட்டியெடுத்து வெல்டிங் வைத்தேன். பட்டிப் பசையைத் தடிமனாகப் பூசித் தேய்த்துப் பெயிண்ட் அடித்ததும் மணப்பெண் மாதிரி நின்றது.

வெல்டிங் சரியாக அமையவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் முன்பின் தெரியாதவருக்கு விற்க மனம் வரவில்லை. அந்நியன் என்றால் கூடவே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவருவான், அடியில் படுத்துப் பார்ப்பான். என்னை முழுமனதாக நம்புகிற ஒருவர் தேவைப்பட்டார். ஓப்ராத் நினைவுக்கு வந்தான்.

அவன் கல்யாணத்தில் சாட்சியாகப் பக்கத்தில் நின்ற கூம், அதாவது ஞான உறவு, நான். அவன் மகள் யாஸ்னாவை ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்தியவனும் நானே. கூம் என்ன சட்டைப் பொத்தானா, பிய்த்து எறிய, என்று நம் பக்கத்தில் சொல்வது உங்களுக்குத் தெரியாததா. அண்ணன் தம்பி விற்ற வண்டியைக்கூட அடுத்தவனிடம் காட்டலாம். கூம் விற்றதைக் காட்டுவது அவன் முகத்தில் உமிழ்வதற்குச் சமம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சாப்பிடுகிறவனுக்கு நம்மேல் பாசம் இருந்தால் முடியும்.

பாதிரியார் துளசிக் கொத்தால் வண்டிக்குத் தீர்த்தம் தெளித்த அன்றுதான் சின்னச் சிக்கல் வந்தது. பின்பக்கம் காந்தம் வைத்த புனித நிக்கோலா படம் ஒன்றை யாஸ்னா வாங்கி வந்திருந்தாள். முன்சக்கரத்துக்கு மேலே வைத்தாள், விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. கதவில் வைத்தால் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. பட்டிமேல் காந்தம் நிற்குமா என்ன.

"அவருக்கு வயசாயிருச்சும்மா, முன்னாடி ஒக்காந்தா குளுரும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், பாதிரியார்தான் அதிகம். யாஸ்னா சிரிக்கவில்லை. புனிதரைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியின் மூக்கைச் சுற்றிச் சுற்றித் தடவினாள்.

பிறகு டார்ச் விளக்கோடு அடியில் படுத்திருக்கிறாள். வெல்டிங் தழும்பைப் பார்த்துவிட்டு, ஊஷித்ஸே நகரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று அப்பாவிடம் கெஞ்சியிருக்கிறாள். இதெல்லாம் ஓப்ராத்தே என்னிடம் சொன்னது. வெட்கத்தோடு சொன்னான். மன்னிப்புக் கேட்பதற்காக ஒரு புட்டி பிளம் சாராயத்தோடு மகளையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தான்.

"கூமே, இந்தக் கழுதை ஒன்னயப் போயி சந்தேகப்பட்டிருச்சு. மன்னிச்சுரு" என்றான். மகளை என் கையில் முத்தமிட வைத்தான். அவள் முத்தமிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒரே ஒரு தடவ எங்களோட இந்த வண்டியில மலை வரைக்கும் வாங்க, கூமே. அப்புறம் நான் வாயே தொறக்கல."

"குடிச்சிருக்கேன் கண்ணு. மலைப்பாதை வயித்தப் பொரட்டும்."

அவள் என் கோப்பையைப் பார்த்தாள். நான் அதை இன்னும் தொட்டிருக்கவில்லை.

புனித நிக்கோலா நாள் அவர்கள் வீட்டுப் பண்டிகை. கூமைப் போய் அழைத்து வருவதுதான் மரியாதை. விருந்தாளிகள் வந்துவிட்டதால் ஓப்ராத்தால் கிளம்ப முடியவில்லை, மகளை அனுப்பினான். நீயே எடுத்துட்டுப் போ, அப்பவாவது ஒன் சந்தேகம் தீரட்டும் என்றானாம். என்னை அழைக்க அந்த வண்டிதான் வரும் என்று எனக்குத் தெரியும், அதனால் நான் அதற்கு முன்பே பேருந்தில் ஏறிவிட்டேன். பேருந்து வளைவில் நின்றுவிட்டது. சிவப்பு மூக்கு சாலையில் கிடந்தது, மிச்சம் பள்ளத்தில். வெல்டிங் வைத்த இடத்தில் கோடு கிழித்தாற்போல் பிரிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் உறுதியாகத்தான் இருந்தது, அதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

வண்டியில் குறையில்லை, பனியில் என் மகள்தான் வேகமாக ஓட்டினாள் என்று ஓப்ராத் உங்களிடம் சத்தியம் செய்ததாகக் கேள்விப்பட்டேன். சவ அடக்கத்திலும் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். அவன் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை, நீங்கள் கேட்கிறீர்கள், சொல்கிறேன். அந்த நிக்கோலா படத்தை உங்கள் இரும்பு மேசையில் வைத்திருக்கிறீர்கள். பாருங்கள், எவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறார்.

ஆம், தெரிந்தேதான் விற்றேன், தெரிந்தேதான் அவளை அதில் ஓட்டவிட்டேன். ஆனால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. சொந்தக் கூமையே சந்தேகப்பட்ட பிள்ளை அவள். அன்றைக்கே நான் அவளை மன்னித்துவிட்டேன்.