ஆடித் தள்ளுபடி எழுத்து

"எங்கப்பா செத்ததுக்கு ஆடித் தள்ளுபடி எழுத்துல போஸ்டர் அடிச்சிக்கீறான்!"

தி. நகர் சிக்னலில் பஸ் நின்றபோது முன் சீட்டிலிருந்து இந்தக் குரல் வந்தது. ஐம்பது வயதுக்காரர், பக்கத்தில் அவர் தங்கை. அவர் நீட்டிய செல்போனில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எனக்கும் தெரிந்தது. காம்பஸ் வைத்து வரைந்ததுபோல உருண்டையான, பட்டையான எழுத்துகள்.

"துணிக்கடை வாசல்ல 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்'னு போடுவானே, அதே எழுத்து! தெருவே சிரிக்குது. இப்ப நேரா போய் அந்த டிசைன்காரனை நாலு அறை விடப்போறேன்."

"அவனை எதுக்கு அறையற? எதிர் ரோட்டுல நின்னாலும் என் பேரு தெரியணும், குண்டு எழுத்தா போடுன்னு நீதானண்ணா சொன்ன?"

"சொன்னேன். அதுக்குன்னு இப்படியா?"

"குண்டு எழுத்துல எல்லார் பேரும் அடங்காதுன்னு அவன் போன் பண்ணான். தங்கச்சி பேரைத் தூக்கிடுன்னியே, எனக்குக் கேக்கலன்னு நெனச்சியா?"

"பஸ்ல வச்சு இன்னாம்மா இது, மெதுவா பேசு."

"மூணு வருஷம் அப்பாவுக்குப் பீ மூத்திரம் அள்ளுனது நான். போஸ்டர்ல உன் மச்சான் பேரு கீது, உன் பேரன் பேரு கூட கீது."

அவர் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பஸ் கிளம்பியது.

"இன்னா, எழுந்திரிக்கல? அடுத்த ஸ்டாப்புதான் அவன் கடை. வா, நானும் வர்றேன். யாரு அறை வாங்கணும்னு அவனையே கேப்போம்."