வந்து சேர்ந்த தகரம்

"தகரம் மட்டும் வந்து சேந்திருச்சு, மூக்காயி."

பண்டாரவளைத் தபால் கந்தோர் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கங்காணி, பக்கத்தில் நின்ற தேயிலைத் தோட்டத்துப் பெண்ணிடம் சொன்னார். தூத்துக்குடியிலிருந்து வந்த பயணிகள் கப்பலில் யாரோ ஒளித்து வைத்த குண்டு நடுக்கடலில் வெடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"எந்தத் தகரங்க?"

"கப்பல் ஏறுறப்ப கழுத்துல கட்டி விடுவாங்களே, அதுதான். நம்ம தோட்டத்துத் தகரம் ஒண்ணு கரையில ஒதுங்கியிருக்குன்னு தொரைக்குத் தந்தி."

"அந்தக் கப்பல்ல நம்ம தோட்டத்துக்கு மூணு பேரு வந்தாக. அது எந் தங்கச்சி கழுத்துல கெடந்ததா?"

"தெரியாதே. அதுல தோட்டத்து நம்பர்தான் இருக்கும். ஆளு பேரு இருக்காது."

நான் வாசித்த இங்கிலீஷ் பத்திரிகையும் செத்த வெள்ளைக்காரர்களின் பெயரைப் போட்டுவிட்டு, மற்றவர்களைக் கூலிகள் என்று முடித்திருந்தது.

"பேரு இல்லாம என்னத்துக்குங்க கட்டுறாக?"

"வழி தவறிப் போயிறக் கூடாதுன்னுதான்."

அவள் சிரித்தாள். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"தகரம் வழி தவறலயே! நான் இப்ப தங்கச்சிக்குத் தலை முழுகவா, இல்ல வருவான்னு காத்திருக்கவா?"

"மனசத் தேத்திக்க புள்ள. நாளைக்குக் காலம்பற பேரு கூப்புட்டு வேலைக்கு அனுப்புற பெரட்டுல தொரை சொல்லுவாரு."

"சொல்லட்டும். அந்தத் தகரத்தையும் பெரட்டுல நிறுத்தி மலைக்கு அனுப்பச் சொல்லுங்க. கொழுந்து எடுக்கட்டும்."